“களைக்குது” என்று மட்டும் சொல்லாதீர்கள்

எமது ஊர்த் தமிழில் “களைக்குது” என்று ஒரு சொல் இருக்கிறது. படி ஏறும்போது மூச்சு வாங்கினாலும் களைக்குது என்போம். நாள் முழுவதும் வேலை செய்து உடம்பு சோர்ந்து போனாலும் களைப்பு என்போம். ஊரில் இதனால் பெரிய குழப்பம் வந்ததில்லை, ஏனென்றால் வைத்தியரும் அதே தமிழ் பேசுபவர். ஆனால் இங்கே இங்கிலாந்தில், வைத்தியரின் அறைக்குள் இந்தச் சொல் ஆங்கிலமாக மாற வேண்டியிருக்கிறது. கூட வந்த மகனோ பேத்தியோ அதை “ரயேட்” என்று மொழிபெயர்க்கிறார்கள். “ரயேட்” என்றால் சோர்வு. உடனே வைத்தியர் இரும்புச்சத்து, தைரொயிட், நித்திரை, மனக்கவலை என்று அந்த வழியில் யோசிக்கத் தொடங்குகிறார். மூச்சு வாங்கிய கதை அறைக்கு வெளியிலேயே நின்று விடுகிறது.

குடும்ப வைத்தியராக வேலை செய்யும் எனக்கு இது சிறிய மொழிப் பிரச்சினையாகத் தெரியவில்லை. இருதயம் பலவீனமாகும்போது அது முதலில் காட்டுகிற அடையாளம் பல வேளைகளில் இந்தக் களைப்புத்தான். எமது மக்கள் இருதய வருத்தம் என்றால் “அடைப்பு” என்று மட்டும் நினைக்கிறார்கள். நெஞ்சு நோகவில்லை, ஆகவே இருதயத்தில் ஒன்றுமில்லை என்று ஆறுதல் அடைகிறார்கள். இருதயத்தின் வேலை நோகாமல் இருப்பது அல்ல. உடம்பு கேட்கிற அளவு இரத்தத்தை, கேட்கிற நேரத்தில் அனுப்புவது. அந்தக் கணக்கை விளங்கிக்கொண்டால் களைப்பை வயதின் தலையில் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்க மாட்டோம் என்பது எனது கருத்து.

நிமிடத்துக்கு ஐந்து லீற்றர்

கணக்கு மிகவும் இலகுவானது. வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 தரம் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லி லீற்றர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. இரண்டையும் பெருக்கினால் நிமிடத்துக்கு 4,900 மில்லி லீற்றர், அதாவது கிட்டத்தட்ட 5 லீற்றர். எமது உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முழு இரத்தமும் ஒரு சுற்று சுற்றி வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு இலட்சம் துடிப்பு, ஏழாயிரம் லீற்றர்.

இந்தப் பெருக்கல்தான் மருத்துவ வரலாற்றையே மாற்றியது. லண்டன் சென் பார்த்தலோமியூ வைத்தியசாலையில் வைத்தியராக இருந்த வில்லியம் ஹார்வி 1628 இல் ஒரு நூல் வெளியிட்டார். சாப்பாட்டிலிருந்து ஈரல் புதிது புதிதாக இரத்தத்தை உண்டாக்குகிறது, உடம்பு அதைச் செலவழிக்கிறது என்று அதுவரை நம்பினார்கள். ஹார்வி கணக்குப் பார்த்தார். இருதயம் அரை மணித்தியாலத்தில் தள்ளுகிற இரத்தம், உடம்பில் இருக்கிற முழு இரத்தத்தை விடக் கூட. அவ்வளவு இரத்தத்தைச் சாப்பாடு தர முடியாது. ஆகவே அதே இரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வரவேண்டும் என்று முடிவு செய்தார்.

கிணறும் இறைப்பும்

இருதயத்தை “பம்” என்று சொல்கிறோம். ஊரில் தோட்டத்துக்கு இறைத்த பம்பை நினைத்துப் பாருங்கள். அதை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் கிணற்றில் ஊறுகிற தண்ணீரை விட அதிகமாக இறைக்க முடியாது. ஊற்றுக் குறைந்தால் பம் காற்றைத்தான் இழுக்கும். இருதயமும் அப்படித்தான். நாளங்கள் வழியாக எவ்வளவு இரத்தம் திரும்பி வருகிறதோ அவ்வளவைத்தான் அது வெளியே அனுப்ப முடியும்.

ஆனால் இருதயத்துக்குத் தோட்டத்துப் பம்பிடம் இல்லாத ஒரு குணம் உண்டு. அதிகம் வந்தால் அதிகம் தள்ளும். இருதயத் தசை எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு பலமாகச் சுருங்குகிறது. யாரும் கட்டளையிடத் தேவையில்லை. ஜேர்மனியில் ஒட்டோ ஃபிராங்க் 1895 இல் தவளையின் இருதயத்தில் இதைக் காட்டினார். பின்னர் லண்டன் யுனிவேர்சிற்றிக் கல்லூரியில் ஏர்னஸ்ட் ஸ்ரார்லிங்கும் அவருடன் வேலை செய்தவர்களும் நாயின் இருதயத்தில் ஆராய்ந்து 1914 இல் வெளியிட்டார்கள். இன்றும் மருத்துவ மாணவர்கள் இதை ஃபிராங்க் - ஸ்ரார்லிங் விதி என்று படிக்கிறார்கள்.

இந்தக் குணம் ஏன் அவசியம்? இருதயம் உண்மையில் ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள். வலது பக்கம் சுவாசப்பைக்கு அனுப்புகிறது. இடது பக்கம் முழு உடம்புக்கும் அனுப்புகிறது. இரண்டும் ஒரே அளவு அனுப்ப வேண்டும். வலது பக்கம் ஒவ்வொரு துடிப்புக்கும் 1 மில்லி லீற்றர் மாத்திரம் கூடுதலாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 70, ஒரு மணித்தியாலத்துக்கு 4,200 மில்லி லீற்றர். உடம்பு இரத்தத்தின் பெரும்பகுதி சுவாசப்பைக்குள் நின்றுவிடும்! அப்படி நடப்பதில்லை. வலது பக்கம் கொஞ்சம் கூட அனுப்பினால் இடது பக்கம் கூடுதலாக நிரம்புகிறது. கூடுதலாக நிரம்பியதால் கூடுதலாகத் தள்ளுகிறது. கணக்கு மீண்டும் சமனாகிறது.

இடது பக்கம் பலவீனமாகி, வந்ததைத் தள்ள முடியாமல் போனால் என்ன ஆகும்? இரத்தம் சுவாசப்பைப் பக்கம் தேங்குகிறது. அதிலிருந்து நீர் கசிகிறது. அதுதான் மூச்சு வாங்குவதற்குக் காரணம். படுத்தால் காலில் இருக்கும் இரத்தமும் நெஞ்சுக்குத் திரும்பி வருவதால் இன்னும் கூடும். இரவில் எழுந்து யன்னலைத் திறந்துவிட்டுக் கதிரையில் இருந்து நித்திரை கொள்கிறவர்கள் இதனால்தான் அப்படிச் செய்கிறார்கள். அதற்கு வாய்வு என்று பெயர் வைத்துப் பெருங்காயம் குடிக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்

இருதயத்தின் துடிப்பை மூளை தொடக்கி வைப்பதில்லை. வலது மேலறையின் சுவரில் ஒரு சிறு தசைப் பகுதி இருக்கிறது. அது தானாகவே மின்துடிப்பை உண்டாக்குகிறது. 1907 இல் ஆதர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் இங்கிலாந்தில் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மூளையிலிருந்து வரும் நரம்புகள் இந்த இடத்தை ஒரு பக்கம் வேகப்படுத்துகின்றன, மறுபக்கம் அடக்குகின்றன. ஓய்வாக இருக்கும்போது அடக்குகிற நரம்பின் கை ஓங்கியிருக்கும். நடக்கத் தொடங்கியதும் அது பிடியைத் தளர்த்துகிறது. மற்ற நரம்பும் அட்ரினலினும் துடிப்பைக் கூட்டி, சுருங்கும் பலத்தையும் கூட்டுகின்றன.

இவை எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை மாற்று இருதயம் பொருத்தியவர்களிடம் தெளிவாகப் பார்க்கலாம். 1967 டிசம்பர் 3 ஆம் திகதி தென்னாபிரிக்காவின் கேப்ரவுனில் கிறிஸ்ரியான் பார்னார்ட் முதன்முதலாக மனித இருதயத்தை மாற்றிப் பொருத்தினார். அப்படிப் பொருத்தும்போது பழைய நரம்புத் தொடர்புகள் வெட்டப்படுகின்றன. ஆனாலும் மாற்று இருதயம் பெற்றவர் படி ஏறுகிறார். எப்படி? கால் தசைகள் அசையும்போது நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகின்றன. வந்த இரத்தத்தால் இருதயம் கூடுதலாக நிரம்பி, கூடுதலாகத் தள்ளுகிறது. சில நிமிடங்களில் இரத்தத்தில் வரும் அட்ரினலின் துடிப்பையும் கூட்டுகிறது. அதனால்தான் அவர்களை ஆறுதலாகத் தொடங்கச் சொல்வார்கள். கால் தசையும் இருதயத்துக்கு உதவியாளன்தான். நாள் முழுவதும் சோபாவில் இருப்பவர் அந்த உதவியாளனை வேலையிலிருந்து நிறுத்திவிடுகிறார்.

கையிருப்பு குறைவது வெளியே தெரியாது

நான் மிகவும் முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு இப்போது வருகிறேன்.

சுகதேகியான ஓர் இளைஞர் ஓடும்போது துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை போகலாம். ஒவ்வொரு துடிப்பிலும் 110 மில்லி லீற்றர் வரை வெளியேறலாம். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 20 லீற்றர். அதாவது ஓய்வில் தேவையான 5 லீற்றருக்கு மேலே இன்னும் 15 லீற்றர் கையிருப்பு இருக்கிறது. இருதயம் பலவீனமாகும்போது முதலில் போவது இந்தக் கையிருப்புத்தான். 20 என்பது 15 ஆகும், பிறகு 10 ஆகும். கதிரையில் இருக்கும்போது தேவையான 5 லீற்றர் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே சும்மா இருக்கும்போது ஒரு குறையும் தெரியாது.

வங்கியில் சேமிப்புக் கரைந்துகொண்டிருக்க, மாதச் செலவு மட்டும் ஒழுங்காக நடக்கிற வீட்டைப் போன்றது இது. திடீரென்று ஒரு பெரிய செலவு வரும்போதுதான் உண்மை வெளியே வரும். நெஞ்சில் சளிக்காய்ச்சல், ஒரு சத்திரசிகிச்சை, அல்லது ஊருக்குப் போன இடத்தில் வயிற்றோட்டம். “நல்லாத்தான் இருந்தவர், திடீரெண்டு இப்பிடி ஆகிட்டுது” என்று செத்த வீட்டில் பேசிக்கொள்வோம். பல வேளைகளில் அது திடீரென்று வந்ததல்ல.

இந்த இடத்தில் எமது மூத்தவர்கள் தங்களை அறியாமல் ஒன்று செய்கிறார்கள். கையிருப்புக் குறையக் குறைய வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். முதலில் ஸ்ரேஷன் படியை விட்டு லிப்டில் ஏறுவார்கள். பிறகு பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வரும் வேலையை மருமகளிடம் கொடுப்பார்கள். பிறகு கோயிலுக்குப் போவது குறையும். மேல்மாடிக்கு ஏறுவது நாளுக்கு ஒரு தரம் ஆகும். இப்படிச் சுருக்கிக்கொண்டபின் “களைக்குதோ?” என்று கேட்டால் “இல்லைத் தம்பி, ஒண்டுமில்லை” என்பார்கள். அது பொய்யல்ல. களைக்கிற வேலை எதையும் அவர்கள் இப்போது செய்வதில்லை!

வயது போனால் கையிருப்புக் குறையாதா என்று கேட்பீர்கள். குறையும். எழுபது வயதில் துடிப்பு 180 வரை போகாது. ஆனால் வயது மெதுவாக, வருடக் கணக்கில் குறைக்கும். போன தைப்பொங்கலுக்கு நிற்காமல் ஏறிய படியில் இந்தத் தைப்பொங்கலுக்கு இரண்டு தரம் நின்று மூச்சு எடுக்க வேண்டி வந்தால், அதை வயதின் கணக்கில் எழுதாதீர்கள்.

“ஈ.சி.ஜி. எடுத்தது, எல்லாம் நோர்மல்” என்ற ஆறுதலும் போதாது. ஈ.சி.ஜி. இருதயத்தின் மின்சாரத்தைப் பதிவு செய்கிறது. மிகப் பயனுள்ள பரிசோதனை. ஆனால் எத்தனை மில்லி லீற்றர் வெளியே போகிறது என்று அது சொல்லாது. அதைப் பார்ப்பது எக்கோ என்னும் ஸ்கான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இருதய பலவீனம் உள்ளவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குச் சுருங்கும் பலம் நன்றாகவே இருக்கும். சுவர் தடித்து விறைத்துப் போனதால் நிரம்புவதுதான் குறைவு. நீண்டகால உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கூடிய உடல் எடை உள்ளவர்களிடமும் வயதான பெண்களிடமும் இது அதிகம். எமது சமூகத்தில் இந்த வருத்தங்கள் எவ்வளவு பரவலானவை என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏமாந்துபோகும் சிறுநீரகம்

இருதயம் அனுப்பும் இரத்தம் குறையும்போது சிறுநீரகத்துக்கு வருவதும் குறைகிறது. காரணம் என்ன என்று சிறுநீரகத்துக்குத் தெரியாது. காயம்பட்டு இரத்தம் போய்விட்டது, அல்லது குடிக்கத் தண்ணீர் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. உடனே உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. இரத்தக் குழாய்களும் இறுகுகின்றன. காயம்பட்டவருக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. பலவீனமான இருதயத்துக்கோ இது கூடுதல் சுமை. கால் வீங்குகிறது. நிறை கூடுகிறது. களைப்பும் கூடுகிறது.

இருதயமும் சும்மா இருப்பதில்லை. “ஓமோன்” என்ற சொல்லை 1905 இல் அறிமுகப்படுத்தியவர் மேலே சொன்ன ஸ்ரார்லிங்தான். இருதயமே ஓர் ஓமோனைச் சுரக்கிறது என்பது 1981 இல் கனடாவின் கிங்ஸ்ரன் நகரில் அடோல்ஃபோ டி போல்ட் செய்த ஆராய்ச்சியில் தெரிய வந்தது. சுவர் அதிகம் இழுபடும்போது “உப்பையும் நீரையும் வெளியேற்று” என்று சிறுநீரகத்துக்கு இருதயம் அனுப்பும் செய்தி அது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருளைத்தான் இன்று பி.என்.பி. என்ற வகை இரத்தப் பரிசோதனையில் அளக்கிறோம். குடும்ப வைத்தியர் சாதாரணமாகக் கைநரம்பில் எடுக்கும் இரத்தத்திலேயே இதைப் பார்க்கலாம். அளவு கூடியிருந்தால் எக்கோவுக்கு அனுப்புவார்கள்.

மருந்தை நிறுத்தாதீர்கள்

“இருதயம் பலவீனம் என்று சொல்லிவிட்டு, இருதயத்தை மெதுவாக்கும் குளிசையைத் தருகிறார்களே” என்று பலர் கேட்கிறார்கள். சிலர் கேட்காமலே நிறுத்திவிடுகிறார்கள். கேள்வி நியாயமானது. முன்னொரு காலத்தில் வைத்தியர்களும் அப்படித்தான் பயந்தார்கள். ஆனால் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட ஓய்வில்தான் இருதயம் நிரம்புகிறது. அந்த ஓய்வில்தான் இருதயத்தின் சொந்தத் தசைக்கும் பெரும்பாலான இரத்தம் கிடைக்கிறது. அடித்து ஓட்டுகிற சவுக்கைக் குறைத்தால் களைத்த மாடு நீண்ட தூரம் போகும். சுருங்கும் பலம் குறைந்தவர்களிடம் பிசோப்ரோலோல், மெற்றோப்ரோலோல் என்ற மருந்துகளைப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 1999 இல் வெளிவந்தன. இரண்டிலும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ரமிப்ரில், ஸ்பைரோனோலக்ரோன் போன்றவை ஏமாந்த சிறுநீரகத்தின் தவறான கட்டளைகளைத் தடுக்கின்றன. நீரிழிவுக்கு என்று வந்த டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற குளிசைகள் இன்று நீரிழிவு இல்லாத இருதய நோயாளருக்கும் கொடுக்கப்படுகின்றன. “எனக்குச் சீனி இல்லையே” என்று அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. “களைக்குது” என்று மட்டும் சொல்லாமல், என்ன செய்யும்போது என்று சொல்லுங்கள். எத்தனை படி ஏறியதும் நிற்கிறீர்கள்? போன வருடம் எப்படி? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? மொழிபெயர்க்கும் பிள்ளைகளே, மூச்சு வாங்குவது “ப்றெத்லெஸ்”, “ரயேட்” அல்ல.

2. பிள்ளைகளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். பேத்தி முன்னிலையில் சொல்லக் கூச்சப்படுகிற விடயங்களையும் அப்போது சொல்லலாம்.

3. கால் வீக்கத்தைக் கவனியுங்கள். இருதய பலவீனம் இருப்பதாக அறியப்பட்டவர்கள் காலையில் நிறை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பல்ல, நீர். உடனே அறிவியுங்கள்.

4. உப்பைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு 6 கிராம், அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டி, எல்லாம் சேர்த்து. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், மிக்சர் இவற்றில் இருப்பதும் இந்தக் கணக்கில்தான். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை மேற்சொன்ன மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் பாவிக்க வேண்டாம்.

5. முழங்கால் நோவுக்கு ஐபுபுரூஃபன் போன்ற குளிசைகளைக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். அவை உப்பையும் நீரையும் பிடித்து வைத்து இருதய பலவீனத்தை மோசமாக்கும்.

6. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை, இருதய நோய், நீரிழிவு போன்றவை ஏற்கெனவே இல்லாதவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள்.

7. விசாப் பிரச்சினை உள்ளவர்களும் இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்யலாம். அதற்குக் குடிவரவு நிலை தடையல்ல.

8. திடீரென்று கடுமையாக மூச்சுத் திணறினால், நெஞ்சு இறுகினால், மயங்கினால், தாமதிக்காமல் 999 ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பே நோவில்லாமல், மூச்சுத் திணறலாக மட்டும் வரலாம்.

களைப்புக்கு இருதயம் மட்டும் காரணமல்ல. இரத்தச்சோகை, சுவாசப்பை வருத்தம், உடற்பயிற்சி இன்மை எல்லாம் உண்டு. எது என்று கண்டுபிடிப்பது வைத்தியரின் வேலை. உள்ளதைச் சொல்வது எமது வேலை.

நானும் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவன்தான். எமது மூத்தவர்களின் பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பங்கருக்குள் இருந்தவர்கள், இடம்பெயர்ந்து நடந்தவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். “அதையே தாங்கினனாங்கள், இது என்ன?” என்கிறார்கள். அன்று அந்தப் பொறுமை உயிரைக் காத்தது. இன்று வைத்தியரின் அறையில் அதே பொறுமை உயிரை எடுக்கிறது. பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று மறைக்கிற களைப்பு, பிறகு அதே பிள்ளைகளை அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இரவிரவாக நிற்க வைக்கிறது.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். முடிந்தவர்கள் தினமும் நடவுங்கள். நடக்கும்போது உங்கள் கையிருப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அது குறைந்தால் ஒருவரிடமாவது சொல்லுங்கள். பிள்ளைகளே, அடுத்த முறை அம்மா அப்பாவிடம் “சுகமோ?” என்று கேட்டுவிட்டுப் போகாமல், “போன வருடம் செய்து இப்ப செய்யாமல் விட்டது என்ன?” என்று கேளுங்கள்.

(இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் மருந்துகளை மாற்றவோ நிறுத்தவோ முன்னர் உங்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளவும்.)